நம் பிள்ளைகள் எந்த மாநிலத்தவர்? அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

டாலஸ் பகுதியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அ, ஆ எழுதிப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து, கல்லூரி போய், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்த வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் கட்டுரை எப்படி எழுதுவது, நேர்காணலில் என்ன பேசுவது என்ற கேள்விகள் குறைவு. "டீச்சர், அப்ளிகேஷன்ல இவ எந்த ஸ்டேட்னு போடுறது?" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய காலம் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அவர்கள் கேட்கிறார்கள். சங்கங்கள் மனம் வைத்தால் இது மாறும் என்று நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன். எந்த மாநிலத்தவர் என்றே சொல்ல முடியாமல் நிற்கும் எச்-4 (வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தின் அந்த ஒரு கட்டத்தில் எழுதும் மாநிலத்தின் பெயரில் சீட்டும் அடங்கியிருக்கிறது, பணமும் அடங்கியிருக்கிறது. முதலில் சீட்டு. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அந்த மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கிறது. வட கரோலினாவில் கிழக்கு கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பிராடி மருத்துவக் கல்லூரியும் அப்படியே. ஜார்ஜியாவின் மெர்சர் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கேயும் மருத்துவப் படிப்பு ஜார்ஜியாவாசிகளுக்குத்தான். எங்கள் டெக்சஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் இடமில்லை. ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஏறக்குறைய 50,000 பேர் எம்.டி. படிப்புக்கு (இங்கே மருத்துவத்தின் அடிப்படைப் பட்டமே அதுதான்) விண்ணப்பித்து அதில் 23,000 பேர் அளவில்தான் உள்ளே போகிறார்கள். இந்தப் போட்டியில், தன்னை உள்ளூர்ப் பிள்ளையாகப் பார்க்கும் ஒரு மாநிலமாவது இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய பின்னடைவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எம்கேட்டில் அருமையான மதிப்பெண் வாங்கியும், அந்தக் கல்லூரிகள் தன்னைப் போன்றவர்களை எடுப்பதே இல்லை என்று தெரியாமல் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது பணம். டெக்சஸ் கல்விச் சட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரிகளின் அடிப்படைக் கல்விக் கட்டணம் மாநில வாசிக்கு ஆண்டுக்கு 6,550 டாலர். வெளிமாநிலத்தவருக்கு அதைப் போல மூன்று மடங்கு. நாலு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் ஆண்டுக்கு 12,245 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கடன் வாங்கிப் படித்து முடிக்கும் மருத்துவர்களின் தலையில் சராசரியாக 2 லட்சம் டாலர் அளவுக்குக் கடன் நிற்கும் நாட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2 லட்சம் டாலர் வரைதான் கொடுக்கும். படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் திட்டம் புதியவர்களுக்கு இனி இல்லை. மிச்சத்துக்குத் தனியார் வங்கியைத்தான் நாட வேண்டும், அல்லது அப்பா அம்மாவின் ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்க வேண்டும்.

மாநிலங்கள் தம் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கல்லூரிகள் அந்த ஊர் மக்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. இங்கே வளர்ந்து இங்கே படித்தவர் இங்கேயே தங்கி வைத்தியம் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பும் நியாயமானது. மருத்துவக் கல்லூரியே இல்லாத டெலவேர் மாநிலம் 1969-இல் ஓர் அமைப்பை உருவாக்கி, ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஜெஃபர்சன் கல்லூரியில் தன் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கி வாங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1970-களிலிருந்து அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ பிள்ளைகளுக்கும், பிறகு வயோமிங் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே திட்டத்தில் மருத்துவம் கற்பித்து வருகிறது. சின்னச் சின்ன ஊர்களுக்கு மருத்துவர் கிடைக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த ஏற்பாடுகள் இவை. நான் கேட்பதெல்லாம் இதுதான்: இந்த மாநிலத்தின் பிள்ளை என்ற கணக்கில், இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகளும் வர வேண்டும்.

நம் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் குழந்தை பிறக்கும், வட கரோலினாவின் ஷார்லட்டில் தொடக்கப் பள்ளி, டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் வீடு. புராஜெக்ட் முடிந்தால் ஊர் மாறும், கம்பெனி மாறினால் மாநிலம் மாறும். பிள்ளை நியூ ஜெர்சியில் பள்ளி முடித்து அங்கேயே கல்லூரிக்குப் போயிருப்பான். அவன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு டாலஸில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிடுவார்கள். கல்லூரி முடித்த பையன் ஓராண்டு பாஸ்டனில் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்ப்பான். அங்கே கார் வாங்குவான், மாசசூசெட்ஸ் ஓட்டுநர் உரிமம் எடுப்பான், அங்கே வருமான வரி கட்டுவான். அந்த ஓராண்டு முடியும் தறுவாயில் விண்ணப்பத்தைத் திறந்தால் அவன் எந்த மாநிலத்துக்காரன்? நியூ ஜெர்சியில் வீடு இல்லை. டெக்சஸில் அவன் பெயரில் ஒரு காகிதமும் இல்லை. மாசசூசெட்ஸில் இன்னும் ஓராண்டு நிறையவில்லை. மூன்று மாநிலத்திலும் கால் வைத்தவனை மூன்று மாநிலமும் வெளியாள் என்று சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

ஊரில் தாசில்தார் அலுவலகத்துக்குப் போய் வாங்கும் இருப்பிடச் சான்றிதழைப் போல, எல்லோரும் ஏற்கும் ஒரே காகிதம் இங்கே கிடையாது. பொது விண்ணப்பத்தில் மாணவர் தன் மாநிலம் எது என்று ஒன்றே ஒன்றைக் குறிப்பிடுகிறார். அது சரியா என்று ஒவ்வொரு கல்லூரியும் தன் மாநிலத்தின் விதியைக் கொண்டு தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், வாக்காளர் பதிவு, வண்டிப் பதிவு, வரிப் படிவம், யாருடைய வரிப் படிவத்தில் யார் சார்ந்தவராக (அவர் பராமரிப்பில் வாழ்பவராக) காட்டப்பட்டிருக்கிறார் என்பது வரை பார்க்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்கள் 12 மாதங்கள் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. படிப்பதற்காக மட்டும் அங்கே வந்து கழித்த மாதங்களைப் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. ஓஹாயோவில் ஓராண்டுக்குப் பிறகு மாநில வாசியாக மாறும் வழி பல கல்லூரிகளில் உண்டு. டெக்சஸில், போட்டியிட்டு வெல்லும் 1,000 டாலர் உதவித்தொகை ஒன்று கிடைத்தாலே உள்மாநிலக் கட்டணம் கட்ட வழி திறக்கும். வேறு பல மாநிலங்களில் நாலு ஆண்டும் வெளியாளாகவே இருந்து முடிக்க வேண்டியதுதான்.

நான் மேலே சொன்ன பையனின் கதையில் ஒரு திருத்தம் போதும். பெற்றோர் டெக்சஸில் ஓராண்டுக்கு மேல் நிலையாக வாழ்கிறார்கள், பையன் அவர்களின் வரிப் படிவத்தில் சார்ந்தவனாக இருக்கிறான் என்றால், பெற்றோரின் மாநிலமே அவன் மாநிலம் என்று கேட்க டெக்சஸ் விதி இடம் தருகிறது. பாஸ்டனில் நல்ல சம்பளம் வாங்கி, தனியாக வரி கட்டி, தான் பெற்றோரைச் சார்ந்தவன் இல்லை என்று ஆக்கிக்கொண்ட அந்த ஒரே ஆண்டில் அந்த இடம் போய்விடும். இதை அந்தப் பையனிடம் கல்லூரி மூன்றாம் ஆண்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பத்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒருவர் தமிழ்ச் சங்கமாக இருக்கக் கூடாதா?

நாம் நடத்தும் கருத்தரங்குகளைப் பார்க்கிறேன். எஸ்ஏடி தேர்வுக்கு வகுப்பு, கல்லூரிக் கட்டுரை எழுதப் பயிற்சி, ஊரில் உள்ள நிலத்தை விற்றால் வரி எப்படி, ஓய்வுக்காலச் சேமிப்பு எப்படி. எல்லாம் தேவைதான். அந்த வரிசையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை மதியத்தை மாநில வாசி விதிக்கு ஒதுக்குங்கள். பிள்ளை 9-ஆம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோரை அழையுங்கள், பிள்ளை கல்லூரி இரண்டாம் ஆண்டு போனதும் மறுபடி அழையுங்கள். உங்கள் மாநில அரசு மருத்துவக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார். கேட்டால் வந்து பேசுவார். ஏற்கெனவே இந்த வழியைக் கடந்துபோன மாணவர்கள் வந்து பேசினால் இன்னும் நல்லது. பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களிடம் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். அங்கே கட்டுரையைத் திருத்தித் தருகிறார்கள், ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் சேர்க்க வழி சொல்கிறார்கள். உங்கள் வீடு எந்த மாநிலத்தில் என்று அவர்கள் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதுவரை எழுதியது குடியுரிமையோ கிரீன் கார்டோ கையில் இருக்கும் வீடுகளுக்கு. அந்த வீடுகளின் சிக்கல் தகவல் கிடைத்தால் தீரக்கூடியது. இனி எழுதப் போவது தகவலால் மட்டும் தீராது.

எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். வேலைவழிக் கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000 அளவில்தான் கொடுக்கிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பல பத்தாண்டுகளாக நீண்டு கிடக்கிறது. பெற்றோர் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்கு 21 வயதானால் அந்தப் பிள்ளை வரிசையிலிருந்து விழுந்துவிடுகிறது. 2002-இல் வந்த குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம், மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் காத்து நின்ற காலத்தைக் கழிப்பதில்லை. இப்படிப் பெற்றோரின் நீண்டகால விசாவைச் சார்ந்து வளரும் பிள்ளைகள் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நாடுகடத்தலைத் தள்ளிவைத்து வேலை அனுமதியும் தரும், 2012-இல் வந்த டாகா திட்டம் குடிவரவு ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். முறையாக விசா வைத்திருந்தவர்கள் அதற்குள் வர முடியாது.

இப்போது மருத்துவப் படிப்பைப் பாருங்கள். கணினிப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு 21 வயது, படிப்பின் கடைசிப் பகுதியில் வருகிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை நாலு ஆண்டுப் பட்டம் முடித்துத்தான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வேண்டும். அப்போது வயது 22. அதாவது எச்-4 பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், மருத்துவக் கல்லூரியின் வாசலுக்கு வரும் நாளில் அவள் எச்-4 ஆக இருக்கப்போவதில்லை. பள்ளி முடித்ததும் நேராக எடுத்துக்கொள்ளும் சில ஒருங்கிணைந்த படிப்புகளில் சேர்ந்தாலும், நடுவழியில் அந்த வயது வந்தே தீரும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியிருக்க வேண்டும். மாறிய அன்றிலிருந்து அவள் சர்வதேச மாணவி. மூன்று வயதில் இங்கே வந்து, இந்த ஊர்ப் பள்ளியில் 12 ஆண்டு படித்து, இந்த ஊர் மருத்துவமனையில் தன்னார்வலராக நோயாளிகளின் சக்கர நாற்காலியைத் தள்ளியவள், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவரின் கணக்கில் வைக்கப்படுகிறாள்.

எஃப்-1 விசாவுக்கு, படிப்பு முடிந்ததும் திரும்பிப் போகும் எண்ணம் இருப்பது நிபந்தனை. ஆகவே நிலையான குடியிருப்பு என்று மாநிலத்திடம் கோர அவளுக்குப் பொதுவாக வழி இல்லை. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. திறந்து பார்க்கும் சில கல்லூரிகளிலும், மொத்தப் படிப்புக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்பவை உண்டு. மத்திய அரசுக் கடன் இவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. என்னிடம் படித்த ஒரு பெண், தன் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் கோடைக்கால ஆய்வு மாணவியாக இரண்டு முறை வேலை பார்த்தவள். அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தகுதியே அவளுக்கு இல்லை. இப்போது பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். நல்ல படிப்புதான். அவள் விரும்பிக் கேட்டது அதை இல்லை.

இதில் என் நெஞ்சை மிகவும் வருத்துவது மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளின் கதை. 1994 முதல் நடக்கும் கான்ராட் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 வெளிநாட்டு மருத்துவர்களைத் தன் மருத்துவர் பஞ்சம் உள்ள பகுதிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்தவர் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, பதிலுக்கு அங்கே மூன்று ஆண்டு பணி செய்யச் சொல்கிறார்கள். மதுரையிலும் தஞ்சாவூரிலும் எம்.பி.பி.எஸ். படித்த நம் மருத்துவர்கள் பலர், அடுத்த பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய ஊர்களில் இப்படித்தான் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு முடிந்தும் அந்த ஊரை விட்டு வராதவர்கள் உண்டு. அந்த ஊர் மக்கள் அவர்களைத் தங்கள் டாக்டர் என்றே சொல்கிறார்கள். ஊருக்கு மருத்துவர் வேண்டும் என்று அப்பாவை அழைத்து வந்த அதே மாநிலம், அதே ஊரில் வளர்ந்து அதே ஊருக்கு வைத்தியம் பார்க்க விரும்பும் அவர் மகளை வெளிநாட்டு மாணவி என்கிறது. உள்ளூரில் தங்கக்கூடிய மருத்துவர் வேண்டும் என்பதற்காகத்தானே மாநில வாசிக்கு முன்னுரிமை? அந்த மகளைவிட அங்கே தங்கக்கூடியவர் யார்?

இதெல்லாம் வாஷிங்டன் டி.சி.யில் முடிவாக வேண்டிய விவகாரம், நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 21 வயது விதியை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலைதான். அமெரிக்காவின் பிள்ளைகள் சட்டம் என்ற பெயரில் 2021 முதல் இரு கட்சியினரின் ஆதரவோடு அங்கே வந்துகொண்டிருக்கும் மசோதாவுக்கு நாம் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் யார் மாநில வாசி என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கல்லூரி தீர்மானிக்கிறது. இந்த இரண்டு கதவும் நம் ஊரிலேயே இருக்கின்றன.

மேரிலாண்டில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். உலக வங்கி போன்ற சர்வதேச அமைப்புகளில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள் ஜி-4 விசாவில் அந்த மாநிலத்தில் வாழ்ந்தன. அவர்களின் பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் கிடையாது என்று மேரிலாண்ட் பல்கலைக்கழகம் சொன்னது. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை மூன்று முறை போன அந்த வழக்கு 1982-இல் 'டோல் எதிர் மொரேனோ' என்ற தீர்ப்பாக முடிந்தது. இந்த விசாவில் இருப்பவர்கள் இங்கே நிலையாகக் குடியிருக்கலாம் என்று மத்திய சட்டம் அனுமதிக்கும்போது, விசாவை மட்டும் காரணம் காட்டி மாநிலப் பல்கலைக்கழகம் அவர்கள்மேல் கூடுதல் சுமை ஏற்ற முடியாது என்பது அதன் சாரம். எச்-1பி, எச்-4 விசாக்களுக்கும் இங்கே நிலைத்து வாழும் எண்ணம் இருக்கலாம் என்று மத்திய சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. டெக்சஸ் உட்படப் பல மாநிலங்கள் எச்-4 பிள்ளைகளை மாநில வாசிகளாக ஏற்பதன் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அதற்கு அடுத்த படி: இந்த மாநிலத்தில் வளர்ந்து பள்ளி முடித்த பிள்ளை, 21 வயதானதால் வேறு விசாவுக்கு மாற நேர்ந்தாலும், சட்டப்படி இங்கே இருக்கும்வரை இந்த மாநிலத்தவராகவே கருதப்பட வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு பத்தி எழுதினால் முடியும் காரியம் இது.

கல்லூரிகளிடம் கேட்பதற்கு அதுவும் வேண்டாம். கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை, மாநிலத்திலேயே பள்ளி முடித்தவர் என்றால் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு மருத்துவக் கல்லூரி தன் சேர்க்கை விதியைத் தானே மாற்றிக்கொள்ள முடியும். டாகா மாணவர்களைச் சேர்க்கலாம் என்று பல கல்லூரிகள் அப்படி முடிவெடுத்திருக்கின்றன. அமெரிக்கத் தமிழ் மருத்துவர் சங்கத்துக்கு இந்த இடத்தில் ஒரு தனி வேண்டுகோள். உங்களில் எத்தனையோ பேர் இந்தக் கல்லூரிகளில் பேராசிரியர்கள். சேர்க்கைக் குழுவில் உட்காருகிறவர்களும் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து நூறு பேர் மனு கொடுப்பதைவிட உள்ளே இருக்கும் ஒருவர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கேட்பது விரைவில் பலன் தரும். தயவுசெய்து கேளுங்கள்.

சங்கம் அரசியல் பேசக் கூடாது என்று செயற்குழுக் கூட்டங்களில் சொல்லப்படுவதை அறிவேன். வரிவிலக்குப் பெற்ற பொதுத்தொண்டு அமைப்பு தேர்தலில் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்பது உண்மை. சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து ஒரு கோரிக்கையை எடுத்துச் சொல்வதற்கு அளவோடு அனுமதி உண்டு. நாம் அதை ஏற்கெனவே செய்தும் இருக்கிறோம். வர்ஜினியாச் சட்டமன்றம் 2017-இல் ஜனவரி 14-ஐப் பொங்கல் நாளாக அறிவித்தது தானாக நடந்ததா? உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்கு மொழிப்பாட மதிப்பு கிடைக்க வேண்டும் என்று எத்தனை ஊர்களில் நம் பெற்றோர் பள்ளி மாவட்ட அதிகாரிகளிடம் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடையாய் நடந்தார்கள்! அந்த நடைக்கு நானும் போயிருக்கிறேன். அந்த அதிகாரிகள் நம்மை மரியாதையோடுதான் நடத்தினார்கள். கேட்டதைப் புரிந்துகொண்டார்கள். பொங்கலுக்காகவும் மொழிக்காகவும் ஏறிய படிகளைப் பிள்ளைகளின் வாழ்க்கைக்காக ஏறத் தயங்குவானேன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் உள்மாநிலக் கட்டணம் என்று நாட்டிலேயே முதலில் 2001-இல் சட்டம் போட்டது டெக்சஸ். ரிக் பெரி ஆளுநராக இருந்தபோது, இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. 2025 ஜூன் 4-ஆம் தேதி மத்திய நீதித்துறை அதை எதிர்த்து வழக்குப் போட்டது. மாநிலமே ஒப்புக்கொண்டது. அன்றே நீதிமன்ற உத்தரவு வந்து, கால் நூற்றாண்டு நெருங்கிய சட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் பல மடங்கு ஏறியது. 2014-இல் போட்ட இதே போன்ற தன் சட்டத்தை ஃபுளோரிடா 2025-இல் தானே நீக்கிக்கொண்டது. "நாம் முறையாக வந்தவர்கள், அவர்கள் விஷயம் வேறு" என்று நம் கூட்டங்களில் பேசக் கேட்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போனவர்கள். அவர்களும் வீட்டுப் பாடம் எழுதி, அதே ஆய்வுக்கூடத்தில் தவளை அறுத்துப் படித்தவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டால், சட்டமன்றத்தில் நம்மோடு நிற்க ஆளும் குறைவு, கேட்கும் நியாயத்தின் பலமும் குறைவு. இங்கே வளர்ந்த பிள்ளை இங்கத்துப் பிள்ளை என்பதுதான் நம் வாதம் என்றால், அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்த வேண்டும்.

ஜூலை முதல் வாரக் கடைசியில் நடக்கும் பேரவையின் தமிழ் விழாவுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. பட்டிமன்றத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் நடுவே இணை அமர்வுகள் பல நடக்கின்றன. அதில் ஒரு அறை, இரண்டு மணி நேரம், இந்தப் பொருளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு மாநிலச் சங்கமும் தன் மாநில விதியை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி அங்கே கொண்டுவரட்டும். எத்தனை மாதம், எந்தக் காகிதங்கள், எச்-4 பிள்ளைக்கு இடமுண்டா, எந்தெந்த மருத்துவக் கல்லூரி கிரீன் கார்டு இல்லாதவரின் விண்ணப்பத்தை ஏற்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் காட்டிச் சரிபார்த்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, பழைய தகவல் ஆபத்து. டெக்சஸுக்கான இரண்டு பக்கத்தை எழுதும் பொறுப்பை நானும் எங்கள் பள்ளியின் பெற்றோர் சிலரும் எடுத்துக்கொள்கிறோம்.

டெக்சஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில்தான், 140 நாட்கள் வரை கூடுகிறது. அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரியில். மசோதாக்களை முன்கூட்டிப் பதிவு செய்வது 2026 நவம்பர்த் தேர்தல் முடிந்த அடுத்த வாரமே தொடங்கிவிடும். அதற்கு முன்பே மசோதாவை எழுதி, அதைக் கொண்டுவர முன்வரும் உறுப்பினர் ஒருவரைப் பிடித்திருக்க வேண்டும். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ சங்கங்கள் தலைக்கு இரண்டு பேரை அனுப்பினால் ஒரு குழு தயார். உங்கள் செயற்குழு அடுத்து கூடும்போது இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, யார் அந்த இரண்டு பேர் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி
டாலஸ், டெக்சஸ்